வாசலுக்கு மேல் புறா கூடு கட்டாமல் தடுப்பது எப்படி?

சரிவுத் தடுப்பு வைப்பதுதான் நம்பகமான வழி. வாசல் சன்ஷேடிலோ ஏசி பெட்டி மேலோ புறா உட்காரும் தட்டையான இடத்தில், 45 டிகிரிக்கு மேல் சாய்வாக ஒரு பலகையோ தகடோ பொருத்துவது. அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. மாடப்புறாவின் மூதாதைகள் மரத்தில் கூடு கட்டியவை அல்ல, பாறை இடுக்கில் கட்டியவை. நம் சன்ஷேட் அதற்கு ஒரு பாறை விளிம்பு. நாலு குச்சி நிற்கும் அளவு தட்டையான இடம் கிடைத்தால் போதும். சரிவில் குச்சி நிற்காது.

முதல் நாலு குச்சி என்பது பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. அப்போதே எடுத்துவிடுங்கள், தினமும். முட்டை வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்: பொரிய சுமார் 18 நாள், அப்புறம் குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். குஞ்சு போனதும் எச்சத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். காய்ந்த தூளில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம்.

பிளாஸ்டிக் ஆந்தை வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அசையாத ஆந்தை புறாவுக்குச் சில நாளிலேயே பழகிப்போகும்.