வணிக விளக்கு நிறுவனத்தின் பெயரில் ரூ. 4,130

கார்டு ஸ்டேட்மென்டில் ஒரு வணிக விளக்கு நிறுவனத்தின் பெயரில் ரூ. 4,130 போயிருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி ஆப்பில் கார்டை இப்போதே தற்காலிகமாக முடக்குங்கள். தெரியாத விளக்கு நிறுவனத்தின் பெயரில் ரூ. 4,130 போயிருப்பதாலேயே அது மோசடி என்று ஆகிவிடாது. ஆனால் முடக்கிவிட்டு நிதானமாகத் தேடலாம்.

கடைப் பலகையில் இருக்கும் பெயர் ஸ்டேட்மென்டில் வராது என்பதே பெரும்பாலும் காரணம். ஸ்வைப் மெஷின் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயர்தான் வரும். எலக்ட்ரிக்கல் கடைகளில் ஒரே குடும்பம் சில்லறைக் கடையையும் அலுவலக விளக்கு சப்ளையையும் நடத்துவதுண்டு. மெஷின் இரண்டில் ஒன்றின் பெயரில் மட்டும் இருக்கலாம். ஃபேன், ஸ்விட்ச் ஏதாவது வாங்கினீர்களா? வீட்டில் கூடுதல் கார்டு யாரிடமாவது இருக்கிறதா?

தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 3,500 வருகிறது. எல்இடி விளக்குக்கு ஜிஎஸ்டி 18%. அதனால் யாரோ முறையாகப் பில் போட்டது போலத்தான் தெரிகிறது. ஆனால் அதைப் போட்டது உங்களுக்குத்தானா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அன்றைய எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வந்ததா என்றும் பாருங்கள். வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலும் பணம் போகும்.

யாரும் வாங்கவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை. புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, அப்புறம் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் அழையுங்கள்.

வங்கியின் எண்ணை கூகுளில் தேடாதீர்கள், அங்கே போலி எண்கள் நிறைய. கார்டின் பின்பக்கத்தில் இருப்பதையே பயன்படுத்துங்கள்.