ஓடைக்கரையில கிராவல் குழி, எங்க தோட்டம் தப்புமா?

கேள்வி: சார், எங்க தோட்டத்த ஒட்டி ஓடை போகுது. எதிர்க்கரையில ஒருத்தர் பட்டா நிலத்துல கிராவல் குவாரி போட்டு ஆறேழு மாசமா டிப்பர் டிப்பரா அள்ளுறாங்க, குழி இப்ப ஓடை மட்டத்த விட கீழ போயிருச்சு. ஓடைக்கும் குழிக்கும் நடுவுல ஒரு மாட்டுவண்டி போற அகலம்தான் மண்ணு நிக்குது. கேட்டா "கரைய உசத்திட்டோம்ல, மீறி வெள்ளம் வந்தா குழியிலதான் இறங்கும், உங்களுக்கும் நல்லதுதானே"ங்கிறாங்க. எங்க கிணறு குழிக்கு மேல்பக்கம், நூறு மீட்டர் தள்ளி இருக்கு. ஐப்பசி மழைய நெனச்சா பயமா இருக்கு, நான்தான் சும்மா பயப்படுறேனா?
(வாசகி, மதுரை மாவட்டம்)

பதில்: சும்மா பயம் இல்லம்மா. குழியில இறங்கும்னு அவங்க சொல்றது பாதி உண்மை, அந்த இறங்குறதுலதான் வினையே. குழி நிறையுற வரைக்கும் தண்ணி கொஞ்சம் அடங்கும்தான், ஆனா ஓடைத் தண்ணி திடீர்னு அஞ்சாறு அடி பள்ளத்துல விழுந்தா விழுற விளிம்ப அரிக்கும், அரிச்சு அரிச்சு அந்த விளிம்பு தண்ணி வர்ற திசைய பாத்து மேல ஏறிக்கிட்டே போகும். மடை வாய்ல ராத்திரி ஒரு சாண் அரிச்சது விடியறதுக்குள்ள எவ்வளவு தூரம் வாய் பொளந்து கிடக்கும்னு உங்களுக்கு சொல்லணுமா, அதேதான், அளவுதான் பெருசு. அதனால மேல்பக்கம் இருக்கோம்னு நிம்மதி வேணாம். ஓடைத் தளம் இறங்கிட்டா கரை செங்குத்தா நிக்கும், அடி அரிச்சு பொத்துனு விழும், விழுறது உங்க வரப்பும் தென்னையும். கிணத்து ஊத்தும் கூடவே கீழ இறங்க வாய்ப்பு இருக்கு. கீழ்பக்கத்துக்காரங்களுக்கு வேற தலைவலி, வண்டல் எல்லாம் குழியில தங்கிட்டு வெறும் தண்ணியா வெளிய வரும், அது போற வழியெல்லாம் கரைய தின்னும்.

எனக்கு அத விட அந்த "உசத்துன கரை"தான் உறுத்துது. ஒரு பக்கம் மட்டும் உசத்துனா தண்ணி தாழ்ந்த பக்கம்தான் ஏறும், அது உங்க பக்கம். குவாரி மேல்மண்ண ஓடை ஓரம் குவிச்சு வச்சாலும் இதே கதி. அதுவும் ஜேசிபி வச்சு தள்ளுன பொலபொல மண்ணு, ஒரு எடத்துல உடைஞ்சா ஓடையே குழிக்குள்ள திரும்பிரும், அப்புறம் பழைய தடத்துக்கு வராமலே கூட போயிரலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல திருச்சி கொள்ளிடத்துல 1928ல கட்டுன பழைய பாலத்தோட தூண் சாஞ்சுச்சே, மணல் அள்ளி ஆத்துத் தளம் இறங்குனதுதான் காரணம்னு அப்பவே பலரும் சொன்னாங்க.

சரி, என்ன பண்ணலாம்? பட்டா நிலம்னா என்ன வேணா தோண்டலாம்னு கிடையாது. 5 ஹெக்டேருக்கு கீழ இருக்குற சின்ன குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு 2012ல தீபக் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. நம்ம ஊர்ல அந்த அனுமதியிலயும், எங்க எவ்வளவு தோண்டணும்னு போடுற மைனிங் பிளான்லயும் பக்கத்து பட்டாவுக்கு 7.5 மீட்டர், ஓடைக்கு 50 மீட்டர் விடணும்னு வழக்கமா போட்டிருப்பாங்க. நீங்க சொல்றது வண்டி அகலம்! கனிமவளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ்ல ஆர்டிஐ போட்டு ரெண்டு காகிதத்தையும் வாங்குங்க, எத்தனை அடி ஆழத்துக்கு அனுமதின்னும் அதுலயே இருக்கும். வி.ஏ.ஓ. கிட்ட புலப்படம் (நிலத்தோட எல்லை, அளவு காட்டுற சர்வே வரைபடம்) பாத்து ஓடை புறம்போக்கு எதுவரைக்கும்னு அளந்துட்டு, கலெக்டர், நீர்வளத்துறை, கனிமவளத்துறை மூணு பேருக்கும் மனு குடுங்க, ரசீது முக்கியம்.

அசையலன்னா சிவில் கோர்ட்ல தடை கேக்கலாம். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் (ஈஸ்மெண்ட் ஆக்ட்) 7ஆம் பிரிவுலயே பக்கத்து மண்ணு உங்க நிலத்த தாங்கி நிக்கணும், ஓடைத் தண்ணியோட திசையையும் வேகத்தையும் அடுத்தவன் மாத்தக் கூடாதுன்னு உதாரணமாவே எழுதியிருக்கு. இல்லன்னா சென்னையில இருக்குற பசுமைத் தீர்ப்பாயம், ஆனா அங்க பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும், நஷ்ட ஈடுன்னா அஞ்சு வருஷம். உங்களுக்கு ஏற்கனவே ஆறேழு மாசம் ஓடிருச்சு, வக்கீல இந்த வாரமே பாருங்க.

மழைக்கு முன்னாடி இன்னொரு வேலை. கரை விளிம்புல இருந்து தோட்டத்துக்குள்ள பத்தடிக்கு ஒண்ணா முளைக்குச்சி அடிச்சு, கிணத்துச் சுவர்ல இன்னிக்கு தண்ணி மட்டத்த பெயிண்ட்ல கோடு போட்டு, தேதியோட போட்டோ எடுத்து வைங்க. கோர்ட்ல வாய்ப்பேச்ச விட அது பேசும். மோட்டார் ரூம் ஓடைப் பக்கமா இருந்தா ஸ்டார்ட்டர் பெட்டிய இப்பவே ரெண்டடி மேல ஏத்தி மாட்டிருங்க.