விஸ்கிக் குறிப்பேட்டில் எதை எழுதுவது?

சுவைத்த விஸ்கிகளைப் பற்றித் தமக்கென ஒரு குறிப்பேடு எழுதிவரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கும், அப்பழக்கத்தை விரும்பாத ஒருவரின் கேள்விக்கும் இந்த இதழில் விடை.

வாசகர், பெங்களூரு: சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியால் மட்டும் வடித்த, விஸ்கிகளைச் சுவைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். புட்டியின் அட்டைப்பெட்டியில் டாஃபி, ஆரஞ்சு மார்மலேட், ஹெதர் தேன் என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கோ "இனிப்பு, மென்மை, நன்று" என்பதற்கு மேல் எதுவும் எழுத வரவில்லை. குறை என் மூக்கிலா, எழுத்திலா?

பதில்: இரண்டிலும் இல்லை. ஒரே ஒரு விஸ்கியை ஊற்றி வைத்துக்கொண்டு அதைப் பற்றியே எழுத முயல்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். குறை அங்கேதான் இருக்கிறது. தனியாக வரும் ஒரு மணத்துக்குப் பெயர் சொல்வதில் நம் மூக்கு மிகவும் தடுமாறும். ஆனால் இரண்டு மணங்களுக்கு இடையே என்ன வேறுபாடு என்று கேட்டால் உடனே சொல்லிவிடும். ஆகவே கோப்பைக்கு 15 மில்லி வீதம், சுவையில் ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மூன்று விஸ்கிகளை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அமெரிக்க விஸ்கியான போர்பன் இருந்த பீப்பாயில் முதிர்ந்த கிளென்மோரஞ்சி ஒரிஜினல். இரண்டாவது, ஷெர்ரி என்ற ஸ்பானியத் திராட்சை மதுவின் பீப்பாயில் முதிர்ந்த கிளென்டிரோனக் 12. மூன்றாவது, ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வரும் லஃப்ரோய்க் 10. இவை கிடைக்காவிட்டால் இதே மூன்று வகைகளைச் சேர்ந்த வேறு எவையும் போதும்.

அமெரிக்கச் சட்டப்படி போர்பனை உட்புறம் கரியாகும்படி சுட்ட புதிய ஓக் கலத்தில்தான் முதிர வைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் அவர்களுக்கு மறுபடி உதவாது என்பதால், அது ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகிறது. சூடு பட்ட ஓக்கிலிருந்து வெனிலா மணம் தரும் வெனிலினும், தேங்காயை நினைவூட்டும் லாக்டோன்களும், கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலும் விஸ்கியில் இறங்குகின்றன. ஷெர்ரி பீப்பாய் உலர்திராட்சையையும் பேரீச்சையையும் முன்னே கொண்டுவரும். ஐலாவிலோ, முளைகட்டிய பார்லியைப் பீட் எனப்படும் மட்கிய சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகையிலுள்ள குவாயகாலும் கிரெசால்களும்தான் மருத்துவமனைத் தாழ்வாரத்தின் வாடையைக் கோப்பைக்குள் கொண்டுவருகின்றன. மூன்றையும் மாறி மாறி முகர்ந்த பிறகு "மென்மை" என்று எழுத உங்கள் கை வராது.

அட்டைப்பெட்டியில் உள்ள சொற்கள் விற்பனைப் பிரிவு எழுதியவை என்பதையும் மறக்க வேண்டாம். ஹெதர் பூத்த மலைச்சரிவில் ஒருநாளும் நடக்காதவருக்கு ஹெதர் தேன் எப்படி மணக்கும்? கருப்பட்டி, நன்னாரி, காய்ந்த வேப்பம்பூ, ஏலக்காய் தூக்கலான பாயசம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையே எழுதுங்கள். பிறருடைய குறிப்போடு ஒப்பிட விரும்பினால் ஒரு வழி உண்டு. 1979-இல் எடின்பரோவில் பென்ட்லண்ட்ஸ் ஆய்வு நிலையத்தினர் விஸ்கித் தொழிலுக்கென ஒரு சுவைச் சக்கரத்தை வகுத்தார்கள். தானியம், பழம், மலர், புகை, மரம், கந்தகம் போன்ற பெருங்குழுக்கள் அதில் உண்டு. முதலில் குழுவின் பெயரையும், அதன்பின் உங்கள் சொந்தச் சொல்லையும் எழுதினால் இரண்டு பயனும் கிட்டும்.

வாசகர், சென்னை: கடையில் வாங்கிய அச்சிட்ட குறிப்பேட்டில் முதல் கட்டமே நிறத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெளிர்பொன், அம்பர், செம்பு என்று நிரப்பி வருகிறேன். இதனால் பயன் உண்டா?

பதில்: ஸ்காட்ச் விஸ்கியைப் பொறுத்தவரை பயன் மிகக் குறைவு, தீங்கு சற்று உண்டு. வடித்தெடுத்த விஸ்கிக்கு நிறமே கிடையாது, நிறம் முழுவதும் பீப்பாய் தருவது என்பது உண்மைதான். ஆனால் கேரமல் நிறமி சேர்த்துக்கொள்ள ஸ்காட்லாந்தின் விதிகள் இடம் தருகின்றன. புட்டிக்குப் புட்டி ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பல நிறுவனங்கள் அதைச் சேர்க்கின்றன. ஜெர்மனியில் விற்கும் புட்டிகளில் நிறமி சேர்த்ததை அறிவித்தாக வேண்டும் என்பதால், அங்கிருந்து வரும் புட்டியைத் திருப்பிப் பார்த்தால் விவரம் தெரிந்துவிடும். "ஸ்ட்ரெய்ட்" என்று குறித்த போர்பனில் நிறமி கூடாது. அங்கே மட்டும் நிறக் கட்டத்துக்குப் பொருள் இருக்கிறது.

தீங்கு என்று சொன்னது ஏனென்றால், கண் மூக்கை ஏமாற்றும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் திராட்சை மது பற்றிய படிப்புப் படித்த மாணவர் 54 பேரிடம், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை மதுவைக் கொடுத்தார்கள். செம்மதுவுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். கருஞ்செந்நிறம் என்று முதலிலேயே எழுதிவிட்டால், அடுத்த வரியில் உலர்திராட்சையும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள், அல்லது அந்தக் கட்டத்தில் புட்டி திறந்த தேதியையும், இன்று எவ்வளவு மீதமிருக்கிறது என்பதையும் குறியுங்கள். ஆல்கஹால் சதவீதம், தொகுதி (பேட்ச்) எண், குடித்த நேரம், அதற்கு முன் உண்டது ஆகியவையும் பிற்பாடு உங்களுக்குத் தேவைப்படும். மட்டன் பிரியாணிக்குப் பிறகு எழுதிய குறிப்பையும், மாலையில் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு எழுதியதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: புகை மிகுந்த விஸ்கிகளுக்குச் சொல்லப்படும் பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு புகைப்பொருள்) என்ற எண், வழக்கமாக முளைகட்டிய பார்லியில் அளந்தது. வடிக்கும்போதும் முதிரும்போதும் அது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அந்த எண்ணைப் பார்த்துப் புகையின் அளவை எழுத வேண்டாம்.

வாசகர், திருச்சி: குடும்பங்கள் படிக்கும் இதழில் மதுவுக்கு இத்தனை இடமா? குறிப்பெழுதுவது என்ற பெயரில் குடிக்கு மரியாதை தேடித் தருகிறீர்கள்.

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவகைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023-இல் அந்நிறுவனம் தெளிவாகச் சொன்னது. குடிக்காதவர் குறிப்பேட்டுக்காகத் தொடங்க வேண்டியதில்லை. நிறுத்த முடியாமல் தவிப்பவருக்கு இந்தப் பக்கம் உதவாது, மருத்துவர்தான் உதவுவார். நம் ஊர்க் கடைகளில் குவார்ட்டர் என்றால் 180 மில்லி. அதைத் தொண்டையில் இறக்கிவிட்டு மறப்பவருக்கும், 15 மில்லியை முக்கால் மணி நேரம் வைத்து முகர்பவருக்கும் இடையே வேறுபாடு உண்டு என்ற அளவில் மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். மணத்தை மட்டும் குறித்துக்கொண்டு கோப்பையைக் கழுவி வைத்துவிடுவதும் முறையான குறிப்பே. விஸ்கிக் கலப்பாளர்களின் அன்றாட வேலையும் பெரும்பாலும் முகர்தல்தான்.

வாசகர், கோயம்புத்தூர்: தண்ணீர் சேர்த்துச் சுவைப்பதா, சேர்க்காமலா? சிலர் ஒரு சொட்டு போதும் என்கிறார்கள், சிலர் சமபங்கு என்கிறார்கள். குறிப்பில் எப்படி எழுதுவது?

பதில்: இரண்டு முறையிலும் சுவைத்து இரண்டையும் எழுதுவது, ஆனால் அளவோடு எழுதுவது. "சிறிது தண்ணீர்" என்ற குறிப்பு அடுத்த முறை உங்களுக்கே புரியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்று இருந்தால் கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, பெங்களூரு நிறுவனமான அம்ருத்தின் ஃபியூஷன் 50 சதவீத ஆல்கஹால் கொண்டது. அதில் 15 மில்லி எடுத்தால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் 7.5 மில்லி. 40 சதவீதத்துக்குக் கொண்டுவர மொத்தம் 18.75 மில்லி ஆக வேண்டும், அதாவது 3.75 மில்லி தண்ணீர். முதலில் தண்ணீரில்லாமல் முகர்ந்து எழுதுங்கள். வாயைச் சற்றே திறந்துகொண்டு முகர்ந்தால் காட்டம் மூக்கை மரத்துப்போகச் செய்யாது. பிறகு 40-க்குக் கொண்டுவந்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி எழுதுங்கள். கலப்பாளர்கள் குறை கண்டுபிடிப்பதற்காக 20 சதவீதம் வரைகூட நீர்க்கச் செய்து முகர்வதுண்டு. குடிப்பதற்கு அது சுவையாக இராது.

தண்ணீர் ஏன் மணத்தைத் திறக்கிறது என்பதற்கு, ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் ஆகியோர் 2017-இல் கணினிவழி ஒரு விளக்கம் தந்தார்கள். அதன்படி, ஆல்கஹால் செறிவு அதிகமாக இருக்கும்போது எத்தனால் மூலக்கூறுகள் குவாயகாலைச் சூழ்ந்து நீர்மத்தின் உள்ளே இழுத்துவைக்கின்றன. நீர்த்தால் அது மேற்பரப்புக்கு வருகிறது. புகை வாடை தண்ணீருக்குப் பின் கூடியதாக எழுதியிருந்தால், உங்கள் மூக்கைச் சந்தேகிக்க வேண்டாம். தண்ணீரோ குளிரோ பட்டதும் விஸ்கி லேசாகக் கலங்கினால் அதையும் எழுதுங்கள். கலங்கச் செய்யும் பொருள்களைக் குளிர்வித்து வடிகட்டி அகற்றாத விஸ்கியில் அப்படி நேரும், கெட்டுப்போனதன் அறிகுறியன்று.

வாசகர், ஓசூர்: அம்ருத் புட்டிகள் பலவற்றில் வயது போடுவதில்லை. என் குறிப்பேட்டில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

பதில்: கிடக்கட்டும். புட்டியில் 12 என்று இருந்தால், உள்ளே கலந்துள்ளவற்றில் மிக இளையதற்கு 12 ஆண்டு என்று பொருள். அதுவும் ஸ்காட்லாந்தின் குளிரில் கழிந்த ஆண்டுகள். அங்கே பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது. "தேவதைகளின் பங்கு" என்று அதைச் சொல்வார்கள். பெங்களூரில் அந்தப் பங்கு 10 முதல் 12 சதவீதம்; மரத்தின் சாரமும் அதற்கேற்ப விரைந்து இறங்குகிறது. அந்நிறுவனம் தன் முதிர்ந்த விஸ்கி ஒன்றுக்கு "கிரீடி ஏஞ்சல்ஸ்", அதாவது பேராசை பிடித்த தேவதைகள், என்றே பெயர் வைத்தது. 2004-இல் தங்கள் சிங்கிள் மால்ட்டை அவர்கள் முதலில் அறிமுகப்படுத்தியது கிளாஸ்கோ நகரில். அன்று முதலே வயது எண்ணில் போட்டியிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வயதுக்குப் பதிலாகப் பீப்பாய் வகையையும் பார்லியையும் எழுதுங்கள். ஃபியூஷனில் முக்கால் பங்கு இந்திய பார்லி, கால் பங்கு புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லி. அந்தக் கால் பங்கை உங்கள் நாக்கு எந்தக் கட்டத்தில் உணர்கிறது என்பது, வயதைவிட எழுதத்தக்க செய்தி.

வாசகர், மதுரை: நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடலாமா?

பதில்: வேண்டாம். அச்சில் வரும் மதிப்பெண்கள்கூடப் பெரும்பாலும் எழுபத்தைந்துக்குக் கீழே இறங்குவதில்லை. மறுபடி வாங்குவேன், யாராவது கொடுத்தால் குடிப்பேன், கொடுத்தாலும் வேண்டாம் என்ற மூன்று நிலைகள் போதும்.

வாசகர், சிங்கப்பூர்: ஒரே புட்டியைப் பற்றி மார்ச்சில் "தேன், ஆப்பிள்" என்றும், ஆகஸ்டில் "காய்ந்த மரம், கசப்பு" என்றும் எழுதியிருக்கிறேன். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். திறந்த புட்டியில் மட்டம் இறங்க இறங்க உள்ளே காற்று கூடுகிறது. எளிதில் ஆவியாகும் பழ மணங்கள் மெல்லக் குறைகின்றன. ஆகஸ்டில் புட்டி கால் பங்கே இருந்திருந்தால் அதுவே போதுமான காரணம். மாறியது விஸ்கியாக இல்லாமல் நீங்களாகவும் இருக்கலாம்: சளி, காப்பி, முந்தைய கோப்பை, அல்லது அன்றைய மனநிலை.

எது என்று தெரிந்துகொள்ள உணவுத்துறையில் வழங்கும் முக்கோணச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். அதே விஸ்கியின் புதிய புட்டி ஒன்றை நீங்கள் திறக்கும் நாளில், வீட்டில் ஒருவரை மூன்று கோப்பைகளில் ஊற்றச் சொல்லுங்கள்; இரண்டில் ஒரே புட்டியிலிருந்து, ஒன்றில் மற்றப் புட்டியிலிருந்து. ஊற்றியவர் அடையாளத்தைக் கோப்பையின் அடியில் ஒட்டிவிட்டு அறையை விட்டுப் போய்விட வேண்டும், முகம் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கொளியையும் குறைத்துக்கொள்ளுங்கள். தனித்திருக்கும் கோப்பை எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். ஆனால் தொடர்ந்து மூன்று முறை அப்படி அமைய 27-இல் ஒரு வாய்ப்பே உண்டு. மூன்று முறையும் சரியாகச் சொன்னால் புட்டி மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். சொல்ல முடியாவிட்டால் ஆகஸ்டு குறிப்பின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஆனால் குறிப்பை அடிக்காதீர்கள். அடித்துத் திருத்திய குறிப்பேடு, எழுதியவருக்கு ஒத்துப்போகும் செய்திகளை மட்டுமே மிச்சம் வைக்கும்.

வாசகர், புதுச்சேரி: கொரோனா காய்ச்சலுக்குப் பிறகு முகர்திறன் பாதியாகிவிட்டது. குறிப்பேட்டை மூடி வைத்துவிடலாமா?

பதில்: முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குறிப்பேட்டை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட பயிற்சி முறையில், ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, 12 வாரம் முகர வேண்டும். நோயாளிகள் பலருக்கு அதனால் முன்னேற்றம் கிட்டியது. நான்குமே எளிதில் கிடைப்பவை. விஸ்கி எதுவும் வேண்டியதில்லை. அன்றன்று எந்த மணம் எவ்வளவு எட்டியது என்று எழுதி வாருங்கள். கிராம்பு தெளிவாக எட்டிய பிறகு, ஓக்கிலிருந்து வரும் அதே யூஜினாலைப் போர்பனில் தேடிப் பாருங்கள்.

வாசகர், சேலம்: நோட்டா, கைப்பேசியா?

பதில்: தேடுவதற்குக் கைப்பேசி வசதி, ஆனால் அதில் எழுதத் தொடங்கியதும் பிறர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கக் கை நீளும், அத்துடன் உங்கள் குறிப்பு முடிந்துவிடும். நோட்டே நல்லது. 1918-இல் ஸ்காட்லாந்துக்கு வந்து வடிக்கும் தொழிலைக் கற்ற ஜப்பானியர் மசத்தாகா தகெத்சுரு, கேம்பல்டவுனின் ஹேசல்பர்ன் வடிசாலையில் கண்டவற்றைச் சாதாரண நோட்டுகளில் எழுதிக்கொண்டு போய்த்தான் தம் நாட்டில் விஸ்கி வடித்தார். அவர் எழுதியது சுவைக் குறிப்பு அன்று. வடிகலன்களின் வடிவமும் வேலை முறையும். பக்கங்களுக்கு எண் போட்டு, கடைசி நான்கைந்து பக்கங்களைப் புட்டிகளின் பெயர் அகரவரிசைக்கு ஒதுக்கிவிடுங்கள். பென்சிலால் எழுதினால் விஸ்கி சிந்தினாலும் எழுத்துக் கரையாது.