கடைசி காரிலிருந்து

இந்த இதழுக்கு வந்த வாசகர் கடிதங்கள் எல்லாமே மலைப்பாதையில் கார் ஓட்டுவதைப் பற்றித்தான். குழுவாகப் போகும் பயணங்களில் பத்து வருடமாக நான் ஓட்டுவது கடைசி கார். அதனால் முன்னால் போகிறவர்களின் முதுகை நன்றாகத் தெரியும். பதிலும் அங்கிருந்தேதான் வரும். முதலில் கடிதம், அடுத்து என் பதில்.

நண்பர்கள் எட்டுப் பேர், எட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள், ஒரு நாள் மலைப்பாதைப் பயணம். என்னுடையது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு பேர் உட்காரும் சின்ன கார். மற்றவை எல்லாம் இதைவிட இரண்டு, மூன்று மடங்கு சக்தி கொண்டவை. நான் கடைசியில் வருவதுதானே மரியாதை?

மரியாதையெல்லாம் சரி, ஆனால் தப்பான இடம். நீங்கள் இரண்டாவதாகப் போங்கள்.

வரிசையில் கடைசியில் வருபவர்தான் எல்லோரையும்விட வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும். கேட்க விசித்திரமாக இருக்கும். முதல் கார் கொண்டை ஊசி வளைவை முடித்து, நேர்ப்பாதையில் வேகமெடுக்கும்போது எட்டாவது கார் இன்னும் வளைவுக்குள்ளேயே நுழைந்திருக்காது. அது வெளியே வரும்போது முன்னால் யாரும் இல்லை. பிடிக்க வேண்டுமே என்று மிதிக்கிறார். அடுத்த வளைவு வருவதற்குள் மிதித்ததெல்லாம் பிரேக்கில் போகிறது. முன்னவர் சுகமாக ஓட்டும் அதே பாதையில் பின்னவர் துரத்திக்கொண்டிருக்கிறார்.

அந்தத் துரத்தலின் விலையைக் கணக்காகவே சொல்கிறேன். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 30 கிலோமீட்டரில் சுற்றினால், காரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. 40-இல் சுற்றினால் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டிவிடும். கூடியது வெறும் 10 கிலோமீட்டர்தான். காய்ந்த தார்ச் சாலையில் நல்ல டயர் அதைத் தாங்கிவிடும். சாலையில் கொஞ்சம் பொடிக்கல் கிடந்தால் தாங்காது. எனக்குத் தாங்கவில்லை. ஆறு கார்களில் ஐந்தாவதாகப் போனேன், ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பாமல் நேரே போய் முன் சக்கரத்தைச் சாலையோர வாய்க்காலில் இறக்கியது. நல்லவேளை, மலைப்பக்கம். ஆறாவது காரில் இருந்த புண்ணியவான் வாய்க்காலில் கிடந்த என்னைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விட்டார். அவரும் துரத்திக்கொண்டிருந்தார்தானே! நான் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிய இருபது நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்துதான் வால் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே, நீங்கள் இரண்டாவது. முன்னால் போகிறவர் கண்ணாடியில் உங்களைப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்ளட்டும். கடைசியில் பாதை தெரிந்த, அவசரமில்லாத ஆள் வர வேண்டும். எட்டுக் காரை நான்கு நான்காகப் பிரித்துப் பத்து நிமிட இடைவெளியில் கிளம்பினால் இன்னும் நல்லது. அப்புறம் ஒரே ஒரு விதி: பாதை பிரியும் இடம் வந்தால், பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும்வரை அங்கேயே நில்லுங்கள். அவர் தனக்குப் பின்னால் வருபவருக்கு அதையே செய்வார். யாரும் வழி தவற மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் யாருக்கும் துரத்தத் தோன்றாது.

இன்னொன்று. உங்கள் கார் ஒரு டன் எடைகூட இல்லை. வளைவுகளில் அந்தப் பெரிய கார்கள்தான் உங்களிடம் மூச்சு வாங்கும். கவலையை விடுங்கள்.

மலையிறங்கி முடித்தபோது சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. பிரேக் பெடலும் பஞ்சு மாதிரி உள்ளே போனது. புது பிரேக் கட்டை போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கட்டையின் மேல் பழி போடாதீர்கள். 1,500 கிலோ கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல், நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையையும் நான்கு இரும்பு பிரேக் தட்டுகளின் தலையில் கட்டினால் கருகத்தான் செய்யும். கியரைக் குறைத்து இன்ஜினைக் கொண்டு பிடித்து இறங்குங்கள். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் ஏறக்குறைய அதுவே. ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும், கியர் மாற்றும் துடுப்புகள் அழகுக்கு இல்லை.

பெடல் பஞ்சானது வேறு கதை, கொஞ்சம் பயப்பட வேண்டிய கதை. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகைக்குத் தரவிதி கேட்கும் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155 போதும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் உங்கள் கால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கட்டையை மாற்றிய நீங்கள் திரவத்தை மாற்றினீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. அடுத்த பயணத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

என் கணவருக்கு மலைப்பாதை என்றால் உயிர். எனக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி. மாத்திரை தவிர வேறு வழி உண்டா?

உண்டு. நீங்கள் ஓட்டுங்கள்.

கேலி இல்லை. அசைவைக் காது ஒரு மாதிரி சொல்கிறது, கண் இன்னொரு மாதிரி சொல்கிறது. அந்தச் சண்டையில்தான் வயிறு புரள்கிறது. ஓட்டுபவருக்கு அடுத்த திருப்பம் முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். அதனால் அவருக்கு அநேகமாக வருவதில்லை. பக்கத்தில் உட்காரும்போது போனைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தலை பொம்மைத் தலை போல ஆடினால் ஓட்டுவது சரியில்லை என்று அர்த்தம். பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பப் பழகட்டும். வேகமும் குறையாது, உங்கள் வயிறும் பிழைக்கும்.

உச்சிக்குப் போனதும் கார் சோம்பலாகிவிட்டது. பட்டறையில் விடவா?

வேண்டாம். மேலே காற்று மெல்லிசு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்து சதவீத சக்தியை இழக்கும். இறங்கினால் திரும்ப வந்துவிடும்.

வாழ்நாளில் ஒரே ஒரு மலைப்பாதை என்றால் ஸ்டெல்வியோவா, கிராஸ்குளோக்னரா?

படம் பிடிக்க இத்தாலியின் ஸ்டெல்வியோ. 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் 1825-இல் குதிரை வண்டிகளுக்காகத் திறந்த பாதை அது. வளைவுகள் அவ்வளவு நெருக்கம். முதல் கியரில் திரும்பி, இரண்டாவது போட்டு, மறுபடி முதல் கியர். நடுவில் சைக்கிள்காரர்கள் வேறு. ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் 1935-இல் கார்களையே மனதில் வைத்துத் திறக்கப்பட்டது. 48 கிலோமீட்டர், 36 வளைவுகள். கையும் காலும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். என் ஓட்டு அதற்குத்தான். சுங்கம் உண்டு, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், இரவிலும் திறந்திருக்காது. அதிகாலையில் முதல் ஆளாக நில்லுங்கள்.

எப்போதும் கடைசியில் போவது உங்களுக்கு அலுக்கவில்லையா?

எங்கே அலுக்க! வழியில் நிற்கும் எல்லாக் கார்களும் என்னுடையவைதானே. போன முறை ஒருவர் டயரின் பக்கச் சுவர் கிழிந்து நின்றார். பல ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல அதிலும் ஸ்டெப்னி கிடையாது. ஓட்டை அடைக்கும் பசையும் சின்னக் காற்று பம்பும்தான். பக்கச் சுவர் கிழிசலுக்கு அது உதவாது. வளைவிலிருந்து காரை இழுத்து ஓரமாக விடலாம் என்றால், பம்பரில் திருகி மாட்டும் இழுவைக் கொக்கி உள்ளே ஏறவே மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் மூன்று பேர் மாறி மாறி வலப்பக்கமாகத் திருகினார்கள். நிறைய கார்களைப் போல அதுவும் இடது மரை, இடப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும்.

உங்கள் காரின் கொக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று வீட்டு வாசலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான்தான் வந்துகொண்டிருப்பேன்.