உபுண்டு இயங்குதளத்தில் ஒரு சேவை, அதாவது பின்னணியில் வேலை செய்யும் நிரல், ஓடுகிறதா என்று எப்படி உறுதி செய்வது?

டெர்மினலில் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, சேவையின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். உபுண்டுவும் அதன் மூலமான டெபியனும் 2015-இல், சேவைகளைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டதால் இரண்டிலும் இதே கட்டளைதான். விழுந்துகிடப்பவற்றை மட்டும் பார்க்க ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’.

ஆனால் வருகிற விடையை முழுதாகப் படியுங்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு துணைப்பாட நிலையத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லித் தருகிறேன். அங்குள்ள கணினியும் என் பொறுப்பு. ஒரு நாள் காலை வருகைப்பதிவுப் பக்கம் திறக்கவே இல்லை. தொடக்கநிலை ஆறு வகுப்புப் பிள்ளைகள் வாசலில் காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வருகைப்பதிவைச் சேமித்துவைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிலையைப் பார்த்தேன்: பச்சைப் புள்ளி, பக்கத்தில் ‘ஆக்டிவ்’. தரவுத்தளம் நலம் என்று நம்பி, ரவுட்டரையும் கம்பிகளையும் பிடுங்கிச் செருகியதில் நாற்பது நிமிடம் போயிற்று.

‘ஆக்டிவ்’ என்பதை அடுத்து அடைப்புக்குறிக்குள் இருந்த சொல் ‘எக்ஸிட்டட்’. தொடக்க வேலையை முடித்து வெளியேறிவிட்டது, அந்தப் பெயரில் இப்போது எதுவும் ஓடவில்லை என்று பொருள். ஓடிக்கொண்டிருந்தால் ‘ரன்னிங்’ என்று இருக்கும். உபுண்டுவில் ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்’ என்னும் சேவை வெறும் பெயர்ப்பலகை. அது இயக்குவது ‘ட்ரூ’ என்ற குட்டி நிரலை. எதையும் செய்யாமல் ‘வெற்றி’ என்று மட்டும் சொல்லித் திரும்புவதே அந்த நிரலின் வேலை. உண்மையான தரவுத்தளம் பதிப்பு எண் சேர்ந்த வேறொரு பெயரில் ஓடுகிறது, உபுண்டு 22.04 என்றால் ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்@14-மெயின்’. உண்மையான தரவுத்தளத்தின் நிலையைக் காட்டும் ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ என்று தட்டியதும் ‘டவுன்’ என்று வந்தது. தரவுத்தளம் தன் பிழைகளை எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தால், வட்டில் இடமில்லை. பழைய ஒலிப்பதிவுகளை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டு, மறுபடி தொடங்கியதும் எழுந்துகொண்டது.

‘எக்ஸிட்டட்’ என்றாலே கோளாறு என்று பதறவும் வேண்டாம். யுஎஃப்டபிள்யூ தீயரண் விதிகளை ஏற்றிவிட்டு வெளியேறுவது இயல்பு. அந்தச் சேவை இடைவிடாமல் ஓட வேண்டியதா, ஒருமுறை செய்து முடிப்பதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

‘ரன்னிங்’ என்று வந்தும் பக்கம் திறக்கவில்லையா? ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ கொடுத்து, அந்தச் சேவைக்குரிய போர்ட்டில், அதாவது இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாயிலில், ஏதாவது நிரல் காத்திருக்கிறதா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமாக 5432. காரணம் தேட ‘ஜர்னல்சிடிஎல் -யு’ என்று தட்டிச் சேவையின் பெயரைக் கொடுக்கலாம். கணினியை மறுபடி முடுக்கினால் தானாக எழுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு ‘சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்டு’ விடை சொல்லும்.

இப்போதெல்லாம் வெள்ளி இரவே ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’, வட்டின் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப் -எச்’ இரண்டையும் தட்டிப் பார்த்துவிடுகிறேன்.