சலவைத் தண்ணீரில் போகும் வெள்ளி

கேள்வி: பையன் வாங்கிய சாக்ஸில் 'நானோ சில்வர்' என்று போட்டிருக்கிறது, வாடை வராதாம். துவைத்த தண்ணீரைத் தென்னைக்கு விடுகிறோம். இருபது அடி தள்ளிக் கிணறு, தண்ணீர் உப்பு. அந்த வெள்ளி கிணற்றில் இறங்கிவிடுமா?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: நானோ சில்வர் என்பது கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள். இவ்வளவு பொடிசான துகள் சல்லடையில் மாவு இறங்குவதுபோல மண்ணில் இறங்கிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன் அம்மா. மண் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது கண்ணாடிக் குழாயில் மணல் நிரப்பி, நானோ வெள்ளி கலந்த நீரை ஊற்றிப் பார்த்தோம். அது மஞ்சளாக இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றியபோது கீழேயும் மஞ்சளாகவே சொட்டியது. உப்புக் கிணற்று நீரில் கலந்ததும் குடுவையிலேயே சாம்பல் நிறமானது. குழாயின் அடியில் வந்தது நிறமில்லாத தண்ணீர்.

வெள்ளித் துகளிலும் மணலிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பும் சுண்ணாம்பும் அந்தத் தள்ளலை அடக்கிவிடும். அப்புறம் துகள்கள் திரண்டு மணலில் ஒட்டிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரில் தேத்தாங்கொட்டை இழைத்தால் சேறு திரண்டு அடியில் உட்காருமே, கிட்டத்தட்ட அப்படித்தான். உங்கள் உப்புத் தண்ணீரிலும் வெள்ளி பெரும்பாலும் கிணறுவரை போகாமல் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். இன்னொன்று, மிகச் சிறிய துகள் நேராகப் போகாது. அலைபாய்ந்து மணலில் மோதிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய, ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்தான் சுலபமாகத் தப்பும்.

ஆனால் மக்கிய இலைதழையின் சாறு துகள்மேல் படிந்தால் அது ஒட்டாமல் தூரம் போகும். மண் வெடிப்பு, மண்புழு வளை, பட்ட வேர் விட்ட துளை இவற்றில் தண்ணீர் மண்ணை அதிகம் தொடாமலே ஓடிவிடும். கிணற்றுப் பக்கம் வெடிப்பு இருந்தால் அங்கே மட்டும் விடாதீர்கள்.

உங்கள் கிணற்றைவிடத் தென்னையடி மண்ணைப் பற்றித்தான் எனக்கு அதிக யோசனை. வாடை கிளப்பும் பாக்டீரியாவைக் கொல்லும் வெள்ளி, மேல்மண்ணில் தங்கினால் அங்குள்ள நுண்ணுயிரையும் விடாது. ஒரு ஜோடியில் இருப்பது மில்லிகிராம் கணக்குதான், பயப்பட வேண்டாம். 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட சாக்ஸ்களை அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் முதல் சில அலசலிலேயே பெரும்பகுதி வெள்ளி போய்விட்டது. அதனால் முதல் நாலைந்து சலவைத் தண்ணீரைச் சாக்கடையில் விடுங்கள். அங்கே கந்தகத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத சில்வர் சல்பைடாகிவிடும். அதற்குப் பிறகு தென்னைக்கே விடலாம்.