கேள்வி-பதில்: பழைய நெகட்டிவ் ஸ்கேனர், புதிய விண்டோஸ்

கேள்வி: எங்கள் ஸ்டூடியோவில் நிக்கான் கூல்ஸ்கேன் எல்எஸ்-50 இருக்கிறது. அதனுடன் இருந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிய விண்டோஸ் 11-ல் நிக்கான் ஸ்கேன் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகிறது. திறந்தால் ஸ்கேனர் இல்லை என்கிறது. பீரோ நிறையக் கல்யாண நெகட்டிவ்கள் கிடக்கின்றன. ஸ்கேனரைப் பழைய சாமானுக்குப் போட வேண்டியதுதானா? (வாசகர், மதுரை மேல மாசி வீதி)

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இன்ச்சுக்கு 4000 புள்ளி நிஜமாகவே எடுக்கிற மெஷின் அது. ஸ்கேனரிலும் கோளாறில்லை, சாஃப்ட்வேரிலும் கோளாறில்லை. இரண்டையும் பேசவைக்க நடுவில் இருக்கும் டிரைவர் என்ற சின்ன புரோகிராம்தான் தடை.

நிக்கான் ஸ்கேன் பழைய 32-பிட் வகை புரோகிராம். அதை இன்றைய 64-பிட் விண்டோஸ் தாராளமாக ஓட்டும். ஆனால் டிரைவர் விண்டோஸின் உள்மையத்தில் ஓடுவது. 64-பிட் விண்டோஸில் அதுவும் 64-பிட்டாகத்தான் இருந்தாக வேண்டும். நிக்கானின் கடைசிப் பதிப்பான 4.0.3, 32-பிட் விஸ்டாவோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தில் எக்ஸ்பி என்று டிக் போட்டுப் பார்ப்பவர்கள் பலர். அது புரோகிராமுக்குத்தான் உதவும், டிரைவரைத் தொடவே தொடாது.

வழி இருக்கிறது. யுஎஸ்பி ஸ்கேனர்களுக்கான பொது டிரைவர் ஒன்றை மைக்ரோசாஃப்ட்டே 64-பிட்டில் விண்டோஸுக்குள் வைத்திருக்கிறது. 'இந்த ஸ்கேனருக்கு அந்த டிரைவர்' என்று சொல்லும் சின்ன ஐஎன்எஃப் ஃபைல் ஒன்றுதான் குறை. அது வியூஸ்கேன் என்ற வேறொரு ஸ்கேனிங் சாஃப்ட்வேருடன் வருகிறது. அதன் இலவச சோதனைப் பதிப்பே இதற்குப் போதும்.

யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, நிக்கான் ஸ்கேனை ரைட் கிளிக் செய்து 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக இன்ஸ்டால் செய்யுங்கள். அடுத்து வியூஸ்கேன். பிறகு ஸ்கேனரை ஆன் செய்து, முன்விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரியும் வரை பொறுத்து, கேபிளை மாட்டுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'இமேஜிங் டிவைசஸ்' கீழே ஸ்கேனர் பெயர் வந்துவிட்டால் வேலை முடிந்தது. மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதில் ரைட் கிளிக், 'அப்டேட் டிரைவர்', பிறகு கம்ப்யூட்டரிலேயே தேடும்படி சொல்லி வியூஸ்கேன் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

யாரோ கைப்பட மாற்றிய ஐஎன்எஃப் ஃபைலைக் கொடுத்தால், அதன் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் விண்டோஸ் மறுக்கும். அப்போது செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போய் 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்' எடுங்கள். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்ததும் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 7-ஐ அழுத்துங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் கையொப்பச் சோதனை நிற்கும். அதற்குள் டிரைவரைப் போட்டுவிட வேண்டும். அடுத்த தடவை சாதாரணமாக ஆன் செய்தாலும் ஸ்கேனர் வேலை செய்யும், ஏனென்றால் உண்மையில் ஓடும் டிரைவர் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டது. ஒரு எச்சரிக்கை: பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட கம்ப்யூட்டராக இருந்தால், இந்த வழியில் போகும்போது 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கலாம். அதை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டோஷாப்புக்குள் ஸ்கேனரைத் தேடாதீர்கள். ஸ்கேனரை மற்ற புரோகிராம்களுக்குள் கொண்டுவரும் இணைப்புக்கு ட்வைன் என்று பெயர். 64-பிட் ஃபோட்டோஷாப்புக்கு 32-பிட் ட்வைன் தெரியாது. நிக்கான் ஸ்கேனைத் தனியாகத் திறந்து டிஃப் ஃபைலாகச் சேமியுங்கள். 35 எம்எம் படம் ஒன்று 16-பிட்டில் சுமார் 128 எம்பி வரும். 36 படம் கொண்ட ரோலுக்கு 4.6 ஜிபி. ஹார்டு டிஸ்க்கை அதற்குத் தக்கபடி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்கேனருக்கு எக்ஸ்பி சிடி மட்டும்தான் உண்டு. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேரில் எக்ஸ்பி போட்டு ஓட்டலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: யுஎஸ்பி ஸ்கேனர் என்றால் ஓட்டலாம். 32-பிட் எக்ஸ்பி, 2 ஜிபி மெமரி, 20 ஜிபி டிஸ்க் போதும். விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி செட்டிங்கில் 2.0 வையுங்கள், எக்ஸ்பியில் 3.0-க்கு டிரைவர் இல்லை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தால் எதுவுமே தெரியாது. ஸ்கேனர் ஆன் ஆகியிருக்கும்போதே யுஎஸ்பி ஃபில்டர் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டு, கேபிளை ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள். பாதி ஸ்கேனில் நின்றுபோனால் ஹப்பை எடுத்துவிட்டு, சிபியுவின் பின்பக்க போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். எக்ஸ்பிக்கு 2014-லேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஆகவே அதன் நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள். ஸ்கேன் செய்த படங்களை 'ஷேர்டு ஃபோல்டர்' வழியாக வெளியே எடுக்கலாம்.

கேள்வி: 120 ஃபிலிமுக்கான கூல்ஸ்கேன் எல்எஸ்-8000 ஒன்று விலைக்கு வருகிறது. அதில் யுஎஸ்பி இல்லை, ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்புதான் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: உங்களிடம் லேப்டாப் மட்டுமே இருந்தால் யோசியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் ஃபயர்வயரை உள்ளே விடாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப் இருந்தால், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள ஃபயர்வயர் கார்டு போட்டு, மைக்ரோசாஃப்ட் தரும் '1394 லெகசி' என்ற பழைய ஃபயர்வயர் டிரைவருக்கு மாற்றிப் பாருங்கள். 6 பின் பிளக்கைத் தலைகீழாகத் திணித்துவிடக் கூடாது. அந்தக் கேபிளில் மின்சாரமும் போகிறது, போர்ட் கருகிவிடும். ஸ்கேனர், கம்ப்யூட்டர் இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு மாட்டுவதே நல்லது.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்கும் பழைய கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தோம். தூசி போக ஸ்கேனரின் 'டிஜிட்டல் ஐஸ்' வசதியைப் போட்டால் படமே குழம்புகிறது. டிரைவர் கோளாறா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: இல்லை. ஐஸ் அகச்சிவப்புக் கதிரால் தூசியைத் தேடுகிறது. கலர் நெகட்டிவின் சாயம் அந்தக் கதிரை விட்டுவிடும், தூசி மறிக்கும். கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளி, அதுவும் மறிக்கும். தங்கக் குதிரையில் வெயில் பட்டு மின்னும் இடம் நெகட்டிவில் வெள்ளி அடர்ந்து கறுத்திருக்கும். ஸ்கேனர் அதைத் தூசி என்றெண்ணி, கடிவாளம், சேணம் எல்லாவற்றையும் மெழுகிவிடும். ஐஸை அணைத்துவிடுங்கள். ரப்பர் புளோயரால் ஊதி, மீதத் தூசியை ஃபோட்டோஷாப்பில் கையால் எடுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் பட்டால் கறை நிற்கும். மதுரை வெயிலில் பீரோவிலேயே கிடந்து சுருண்ட நெகட்டிவ் என்றால், உறையில் போட்டுக் கனமான புத்தகத்தின் அடியில் சில நாள் வைத்துவிட்டு எடுங்கள். அப்படியே ஸ்கேனர் வாயில் கொடுத்தால் உள்ளே சிக்கிக் கீறும்.